மூக்குதான் முதலில் போகும்

மாமல்லபுரத்தில் சிற்பமும் கட்டடக்கலையும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

நான் உளி பிடித்தவன் அல்லன். கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். தாள அளவும் லட்சணமும் சொல்லித்தர உங்களுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் வரப்போவதில்லை. உளியைக் கீழே வைத்த பிறகு கல்லைத் தொடுகிற காற்று, உப்பு, மணல், மழை ஆகியவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கான பாடம் உங்கள் ஊரில் வெட்டவெளியில் கிடக்கிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்க்க ஆள் வருகிறார்கள். அங்கேயே இருக்கும் நாம்தான் பலமுறை பார்த்த இடம் என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

முதலில் வானிறைக்கல்லுக்குப் போங்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்பார்கள். ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், எடை 250 டன் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கல்லைக் கையால் தாங்குவது போலப் படம் எடுப்பவர்கள் எடுக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இது எப்படி உருண்டையானது?

பாறை பூமிக்குள் இருக்கும்போதே அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. அந்த வெடிப்புகள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கின்றன. மழைநீர் வெடிப்பு வழியே இறங்கிக் கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. கட்டத்தின் ஒரு முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து தாக்கும். மூலையை மூன்று பக்கமிருந்து. ஆகவே மூலை முதலில் போகிறது, அடுத்து விளிம்பு. முகம் கடைசிவரை நிற்கிறது. மூலையும் விளிம்பும் போன பெட்டி வேறென்ன வடிவத்துக்கு வரும்? சுற்றியிருந்த மண் கரைந்து போனதும், உள்ளே மிஞ்சிய உருண்டை சரிவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாரும் எங்கிருந்தும் உருட்டி வரவில்லை.

இனி கடற்கரைக் கோயிலுக்கு வந்து வெளிச்சுவர்ச் சிற்பங்களைப் பாருங்கள். எது போயிருக்கிறது? மூக்கு, விரல், மகுடத்தின் நுனி, சிங்கத்தின் காது. எது நிற்கிறது? மார்பு, தொடை, தோள். வானிறைக்கல்லைச் செய்த அதே கணக்குதான். துருத்தி நிற்பது பல பக்கமிருந்து அடி வாங்கும். சிற்பியின் கண்ணுக்கு மூக்கு முகத்தின் உயிர். உப்புக் காற்றின் கண்ணுக்கு அது ஒரு மூலை, அவ்வளவே. இந்த ஒரு சூத்திரம் மனத்தில் பதிந்துவிட்டால் இந்த மடலின் பாதி வேலை முடிந்தது.

பல்லவர் காலத்துச் சிற்பிகள் தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு என்கிறோமே, ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் புடைப்புச் சிற்பத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு ஓடுகிறது. வேறொருவர் என்றால் அந்தப் பிளவைக் குறையென்று சொல்லி வேறு பாறை தேடியிருப்பார். இவர்கள் அதையே ஆறாக்கி, நாகர்களை அதில் நீந்த விட்டு, இரண்டு பக்கத்து உருவங்களையும் அதை நோக்கித் திருப்பி வைத்தார்கள். மேலே நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளமும் உண்டு. தண்ணீரைத் திறந்துவிட்டால் பிளவு வழியே உண்மையாகவே இறங்கியிருக்கும். அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பிளவு பகீரதன் பக்கம் சாட்சி சொல்வதாக எனக்குப் படுகிறது. அது என் கட்சி, உங்களைச் சேரச் சொல்லவில்லை.

ஐந்து ரதங்களில் நான்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. தெற்கே உயரமான தருமராஜ ரதம், பிறகு பீம ரதம், அருச்சுன ரதம், வடகோடியில் குடிசை போன்ற சின்ன திரௌபதி ரதம். உயரம் படிப்படியாகக் குறைவதற்குக் காரணம், தெற்கிலிருந்து வடக்கே சரிந்து இறங்கிய ஒரே பாறையில் அவை எல்லாம் செதுக்கப்பட்டவை என்பதுதான். எந்த இடத்தில் எத்தனை தளம் என்பதை அந்தச் சரிவு முடிவு செய்திருக்கிறது. பக்கத்தில் தனியாகக் கிடந்த பாறைகள் யானையாகவும் சிங்கமாகவும் நந்தியாகவும் ஆயின. கடற்கரைக் கோயிலிலும் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த சிலை அல்லர். அங்கே தரையோடு தரையாக இருந்த பாறையிலேயே செதுக்கிய உருவம் அது. கட்டுமானம் அதைச் சுற்றி வந்தது.

இப்போது உப்பு. இங்கே நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் உங்கள் முதல் எதிரி அலை அல்ல, இதுதான்.

மதியம் கடல் காற்று எழும்பும்போது அலை நுரையின் நுண்துளிகளைச் சுமந்துகொண்டு வருகிறது. துளி சுவரில் படுகிறது, கல்லின் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுக்குள் போகிறது. வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளே தங்கிவிடும். அது சும்மா தங்குவதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. குறைந்தால் மறுபடியும் படிகமாகிறது. சென்னைச் சமையலறையில் உப்பு ஜாடி இரவில் கசிந்து பகலில் கட்டிதட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை கல்லுக்குள் நடக்கிறது. ஒவ்வொரு முறை படிகம் வளரும்போதும் அது தான் இருக்கும் இடுக்கை நெருக்குகிறது. ஒரு நாள் நெருக்கலில் ஒன்றும் ஆகாது. 1,300 ஆண்டு நெருக்கினால் கருங்கல்லும் பொருக்குப் பொருக்காக உதிரும். சுவர் அருகில் போய்ச் சாய்ந்த வெயிலில் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ் மணிகள் மட்டும் துருத்திக்கொண்டு, சுற்றியிருந்த ஃபெல்ட்ஸ்பார் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்திருக்கும். சிற்பியின் உளித்தடம் என்று நினைத்துத் தடவிப் பார்ப்பது பல இடங்களில் உப்பின் தடம்தான்.

கருவறைக்குள் இருக்கும் சோமாஸ்கந்தரைப் பாருங்கள், வெளிச்சுவர் உருவங்களைப் பாருங்கள். காலம் ஒன்று, கைகள் ஒன்று. இடையில் இருப்பது ஒரு சுவரின் மறைவு. அந்த மறைவு எத்தனை நூற்றாண்டை மிச்சப்படுத்தியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

அதற்காகக் கடல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன்தான் காஞ்சியில் கைலாசநாதரையும் கட்டினான். அங்கே கடலும் இல்லை, நுரையும் இல்லை. ஆனால் அடித்தளத்தை மட்டும் கருங்கல்லில் வைத்து, மேலே மணற்கல்லில் எழுப்பினார்கள். மணற்கல் செதுக்க இதமானது, உதிரவும் இதமானது. பிற்காலத்தில் அதன்மேல் சுதை பூசிப் பூசி முகங்களை மீட்டிருக்கிறார்கள், சில இடங்களில் பழைய முகம் எது, பூச்சு எது என்று பிரிக்கவே முடியவில்லை. கடுமையான இடத்தில் வலிய கல், சாந்தமான இடத்தில் மெலிந்த கல். இரண்டும் தேய்ந்துதான் இருக்கின்றன, தேய்ந்த விதம் வேறு. ஒரு மன்னனின் இரண்டு கோயில்களை அருகருகே வைத்துப் படிக்க இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது. காஞ்சிக்குப் பேருந்து இருக்கிறது.

மணலைப் பற்றிப் பேசினால் அது இரட்டை வேடக்காரன். காற்றில் ஓடும் மணல் தேய்க்கும். துள்ளித் துள்ளி ஓடும் மணியில் பெரும்பகுதி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள்ளேயே பறக்கும் என்பதால் திறந்த கடற்கரையில் நிற்கும் கல்லுக்குக் கீழ்ப்பகுதியில் தேய்மானம் கூடுதல். அதே மணல் ஓடாமல் நின்று மூடிவிட்டால் காவலாளி. 1990இல் கடற்கரைக் கோயிலின் வடபுறம் மணலை அகற்றியபோது ஒரு குட்டிக் கோயிலும், கிணறும், பூவராகர் உருவமும் வெளிவந்தன. அத்தனை காலமும் அவை காற்றும் நுரையும் படாமல் கிடந்தவை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது, கடற்கரைப் பாறைகளில் சிங்கமும் யானைத் தலையும் பாயும் குதிரையும் தெரிந்தன. வடக்கே சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள ஒரு பாறை வெளிப்பட, அதைப் பிடித்துக்கொண்டு தோண்டிய தொல்லியல் துறையினர் ஒரு முருகன் கோயிலின் அடித்தளத்தைக் கண்டார்கள். கீழே செங்கல் கட்டுமானம், அதன்மேல் பல்லவர் காலக் கட்டுமானம். சங்க காலத்தது என்று அவர்கள் கருதும் அந்தச் செங்கல் கோயிலைக் கடல்தான் கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கருத்து. கடல் அழித்ததை மணல் மூடி வைத்தது. இன்னொரு கடல் எழுச்சி வந்து காட்டிக் கொடுத்தது.

கடற்கரைக் கோயிலைக் காக்க என்ன செய்கிறார்கள் என்பதும் உங்கள் பாடம்தான். கடல் பக்கம் பெரும்பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். சவுக்குத் தோப்பு வளர்த்துக் காற்றையும் மணலையும் தணித்திருக்கிறார்கள். சுவரில் ஊறிய உப்பை எடுக்கக் காகிதக் கூழ் வைத்தியம். உப்பில்லாத தண்ணீரில் காகிதத்தைக் கூழாக்கிச் சுவரில் அப்புவார்கள். கூழின் ஈரம் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயக் காய, கரைந்த உப்பு வெளியே வந்து கூழில் தங்கும். காய்ந்த கூழை உரித்தால் உப்பும் கூடவே வரும். எத்தனையோ நவீன ரசாயனங்களுக்கு நடுவில், பழைய காகிதத்தையும் பொறுமையையும் வைத்துச் செய்யும் இந்த வேலைமேல் எனக்குத் தனி மரியாதை.

கல் கொட்டுவதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை, குறிப்பாகக் கட்டடக்கலை மாணவர்களுக்கு. நம் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கடலுக்குள் கல்லைக் கட்டி நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் வீடுகள் கடலில் போயின. புதுச்சேரியிலும் துறைமுகத்துக்குப் பிறகு நகரத்தின் மணற்கரை காணாமல் போனதைப் பார்த்தோம். ஓரிடத்தைக் காப்பாற்ற வரைபடம் போடும்போது வடக்கே அடுத்த குப்பத்தையும் அதே தாளில் வரையுங்கள். தாள் போதாவிட்டால் பெரிய தாள் வாங்குங்கள்.

கரை அரிப்பு கோயிலையும் விடாது. தரங்கம்பாடியில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உங்கள் கல்லூரியில் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் எழுப்பிய திருவள்ளுவர் சிலையை மறந்துவிட்டுக் கடலையும் கல்லையும் பற்றிப் பேச முடியாது. 38 அடி பீடம், 95 அடி சிலை, மொத்தம் 133 அடி. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். கடல் நடுப்பாறையில் நிற்கிறது. சுனாமி வந்து மோதியும் நின்றது. பத்திரிகைகள் அதைத்தான் எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் சிலைக்குச் சாரம் கட்டி, கழுவி, காகிதக் கூழ் அப்பி, உப்பெடுத்து, மேலே ரசாயனப் பூச்சுக் கொடுக்கிறார்களே, அது அதைவிடப் பெரிய செய்தி. ஒரே நாள் வந்துபோன பேரலையைச் சமாளிக்க ஸ்தபதியின் கணக்கு போதும். தினமும் வரும் நுரைக்குச் சாரம் கட்டும் ஆள் தலைமுறை தலைமுறையாக வேண்டும். கடலில் சிலை வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தச் செலவையும் முதல் நாளே எழுதி வைப்பது நல்லது.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். இன்று மாமல்லபுரத்தில் செதுக்கும் சிலைகள் லாரி ஏறி எங்கெங்கோ போகின்றன. ஒன்று சிங்கப்பூர்க் கோயிலுக்கு, ஒன்று பனி பெய்யும் அமெரிக்க ஊருக்கு, ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியின் நீச்சல் குளத்தோரத்துக்கு. செதுக்கும் கைக்கு எல்லாம் ஒரே ஆர்டர்தான். பழைய சிற்பிக்கு இடம் தெரிந்தது. உங்களில் பலருக்கு இடம் ஒரு முகவரிச் சீட்டு. எனக்கு இதில்தான் பெரிய கவலை. ஆர்டர் வாங்கும்போது உயரம், கல், விலை, தேதி கேட்கிறீர்கள். எங்கே நிற்கப் போகிறது, கடல் எவ்வளவு தூரம், முகம் எந்தத் திசை, மேலே கூரை உண்டா என்று கேட்பதில்லை. கேளுங்கள். வாடைக்கு முகம் கொடுத்து நிற்கும் சிலையும், கொண்டலுக்கு முகம் கொடுத்து நிற்கும் சிலையும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. காற்றைப் பற்றி என்னைவிட உங்கள் ஊர் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களிடமும் கேளுங்கள்.

கேட்டுவிட்டால் செய்ய வேண்டியது கையிலேயே வந்துவிடும். கடலோரம் நிற்கப் போகும் சிலைக்கு விரல்களைத் தனித்தனியாக அந்தரத்தில் விடாமல் இடையில் கல் வைத்துச் சேருங்கள். அமர்ந்த உருவத்தின் மடியில் மழைநீர் தேங்காமல் ஒரு நூல் சரிவு கொடுங்கள். பட்டை பட்டையாகக் கோடு ஓடும் கல் என்றால், அந்தப் பட்டை முகத்துக்கு இணையாக அமையாதபடி கல்லைத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் முகமே ஏடு ஏடாகக் கழன்று வரும். உடைந்த கையை ஒட்டச் சாதாரண இரும்புக் கம்பியைச் செருகாதீர்கள். துரு பிடித்த இரும்பு பருக்கும், பருத்த இரும்பு கல்லைப் பிளக்கும். கடலோர ஊர்களில் நான் பார்த்த உடைந்த சிலைகளில் பலவற்றின் உள்ளே இப்படி ஒரு கம்பி இருந்தது. கட்டடம் படிப்பவர்களுக்கு: கொடுங்கையை அலங்காரம் என்று மட்டும் எண்ண வேண்டாம். மேலிருந்து வழியும் மழைநீரைச் சுவரில் படாமல் வெளியே வீசுவது அதன் வேலை. கொடுங்கை உடைந்த இடத்துக்கு நேர் கீழே சுவரில் கறுப்புக் கோடு இறங்கியிருப்பதைப் பழைய கோயில் எதிலும் பார்க்கலாம். கோட்டத்தின் ஆழமும் அப்படித்தான். தெய்வ உருவத்துக்கு அது குடை.

திருப்பணி என்ற பெயரில் மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சிக் கல்லைச் 'சுத்தம்' செய்யும் சாண்ட் பிளாஸ்டிங் வேலைக்கு நாளை உங்களைக் கூப்பிடுவார்கள். கடற்கரைக் காற்று நூற்றாண்டுகளில் செய்யும் தேய்மானத்தை அந்தக் குழாய் ஒரு பிற்பகலில் செய்துவிடும். கல்வெட்டெழுத்தும் உளித்தடமும் அதோடு போயிற்று. கூலி எவ்வளவு கொடுத்தாலும் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் உங்கள் ஊரருகேதான் கரையைக் கடந்தது. அடுத்த புயலும் வரும். அதற்குமுன், இந்த ஐப்பசி மழை பிடிப்பதற்குள், ஒவ்வொரு வகுப்பும் கடற்கரைக் கோயிலின் வெளிச்சுவரில் இரண்டு சிற்பங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று கடல் பக்கம், ஒன்று ஊர்ப் பக்கம். சுவரைத் தொடாமல், விதிகளுக்கு உட்பட்டு, அளவு போட்டு வரையுங்கள். புகைப்படமும் எடுங்கள், ஆனால் வரையாமல் விடாதீர்கள். வரையும் கண்தான் எந்த விரல் எவ்வளவு மிச்சம் என்று எண்ணும். ஓவியங்களைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து வையுங்கள். அடுத்தடுத்த ஆண்டு வருகிறவர்கள் அதே இரண்டையும் மறுபடி வரையட்டும். தாளின் மூலையில் தேதியையும், எந்தத் திசைச் சுவர் என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

அன்புடன்,
பாறைகளைப் பாடமாக எடுத்த ஓர் ஆசிரியர்